ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு: மற்றவருக்கும் வருமா?

பதிவு 1 – இரண்டாமவன்

வணக்கம். இதுவரை இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 26 வயது. நானும் அண்ணனும் ஒத்த இரட்டையர். அவன் என்னைவிட 11 நிமிடம் மூத்தவன், அந்த 11 நிமிடத்துக்காக இன்றுவரை அண்ணன் என்று கூப்பிட வைத்துவிட்டான். அவனுக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். முதலில் தூக்கம் போனது, பிறகு படிப்பு, அதன் பிறகு பக்கத்து அறையில் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆரம்பித்தான். இப்போது மருந்தில் ஓரளவு நன்றாக இருக்கிறான்.

ஒரே கரு, ஒரே வீடு, ஒரே பள்ளி, கடைசி வரை ஒரே பெஞ்ச். தேடிப் பார்த்தால் ஓர் இடத்தில் இந்த நோய் 79 சதவீதம் மரபணு என்கிறார்கள். இன்னோர் இடத்தில் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வர 33 சதவீத வாய்ப்பு என்கிறார்கள். வேறோர் இடத்தில் அது 48. எதை நம்புவது?

எங்களுக்குள் இருந்த ஒரே வித்தியாசம் பிறப்பில்தான். அவன் எடை குறைவாகப் பிறந்து 9 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான், நான் நேராக அம்மாவிடம் போனேன். அதுதான் காரணமா? நான் திருமணம் செய்ய நினைக்கும் பெண்ணிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

பதிவு 2 – நேர்கோடு

தம்பி, பயப்படாதீர்கள். மரபணு என்பதெல்லாம் மருந்துக் கம்பெனி பேச்சு. மரபணுதான் காரணம் என்றால் இருவருக்கும் வந்திருக்க வேண்டும், உங்களுக்கு வரவில்லை. எனவே வளர்ப்பும் சூழலும்தான். வீட்டில் யார் அவரை அதிகம் கண்டித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள், விடை அங்கேயே கிடைக்கும்.

பதிவு 3 – கணக்குப்பிள்ளை

நேர்கோடு, உங்கள் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. இருவருக்கும் வரவில்லை என்பதால் மரபணு மட்டுமே காரணமல்ல என்று சொல்லலாம். வளர்ப்புதான் காரணம் என்பது அதிலிருந்து வராது. நடுவில் ஒரு பெரிய வெளி இருக்கிறது.

இரண்டாமவன், உங்கள் எண்களுக்கு வருகிறேன். நான் புள்ளியியல் ஆள், மருத்துவன் இல்லை.

48 என்பது காட்டெஸ்மன் என்ற ஆய்வாளர் 1991-ல் தந்த தொகுப்புக் கணக்கு. ஐரோப்பாவில் நடந்த பல பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்: ஒத்த இரட்டையருக்கு 48 சதவீதம், இரு கரு இரட்டையருக்கு (மரபணுவில் சாதாரண உடன்பிறப்பு அளவுக்கே ஒத்தவர்கள்) 17, சாதாரண உடன்பிறப்புக்கு 9, பொதுமக்களுக்கு ஏறத்தாழ 1. பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கும் படம் இதுதான்.

33 என்பது டென்மார்க் கணக்கு. அங்கே இரட்டையர் எல்லோருக்கும் பதிவேடு உண்டு. 1951 முதல் 2000 வரை பிறந்த 31,524 ஜோடிகளை மனநல மருத்துவமனைப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒத்த இரட்டையருக்கு 33, இரு கரு இரட்டையருக்கு 7. மரபுப் பங்கு 79 சதவீதம் என்பதும் அதே ஆய்வுதான். நீங்கள் மோதவிட்ட இரண்டு எண்களும் ஒரே கட்டுரையின் பிள்ளைகள்!

பழைய எண்கள் ஏன் பெரியவை? பழைய ஆய்வாளர்கள் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிடமிருந்து ஆரம்பித்தார்கள். நோய் கடுமையானவர்களே அங்கே இருப்பார்கள். இருவருக்குமே நோய் என்றால் அந்த ஜோடி கண்ணில் படும் வாய்ப்பும் அதிகம். ஊர் முழுவதையும் எண்ணும்போது எண் இறங்கிவிடுகிறது.

எண்ணும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருவருக்காவது நோய் உள்ள 100 ஜோடிகளை எடுங்கள். 20 ஜோடியில் இருவருக்கும் நோய், 80-ல் ஒருவருக்கு மட்டும். ஜோடிக் கணக்கில் ஒத்துப்போவது 20 சதவீதம். ஆனால் ‘நோயுள்ள ஒருவரைக் கையில் பிடித்தால் அவருடைய இரட்டைக்கும் நோய் இருக்கும் வாய்ப்பு என்ன’ என்று கேட்டால், நோயாளிகள் மொத்தம் 120 பேர், அவர்களில் 40 பேருடைய இரட்டைக்கு நோய். 33 சதவீதம். உங்கள் கேள்விக்குப் பொருந்துவது இரண்டாவது கணக்கு. எந்த எண்ணைப் பார்த்தாலும் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

பதிவு 4 – இரண்டாமவன்

நன்றி ஐயா. ஆனால் மூன்றில் ஒருவருக்குத்தான் வருகிறது என்றால் 79 எங்கிருந்து வந்தது? மரபணு 79 என்றால் எனக்கு 79 சதவீதம் வர வேண்டும் அல்லவா? நேற்று இரவு முழுக்க இதையேதான் யோசித்தேன்.

பதிவு 5 – கணக்குப்பிள்ளை

இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு, படித்தவர்களும் விழுகிறார்கள்.

ஒவ்வொருவரும் ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்துக்குள் ‘நோய்க்கான சாய்வு’ என்னும் நீர். மரபணு கொஞ்சம் ஊற்றுகிறது, வாழ்க்கை கொஞ்சம் ஊற்றுகிறது. விளிம்பைத் தாண்டி வழிந்தால்தான் நோய் என்று பெயர் வைக்கிறோம். நூறு குடத்தில் ஒன்றுதான் வழிகிறது, அதாவது விளிம்பு ரொம்ப உயரத்தில் இருக்கிறது.

உங்கள் இருவருக்கும் மரபணு ஊற்றிய நீர் ஒரே அளவு, ஊரின் சராசரியைவிட அதிகம். ஆனால் விளிம்புக்குக் கிட்டத்தில் நிற்கும் இரண்டு குடங்களில் ஒன்று ஒரு கை நீரில் வழிந்துவிடும், மற்றது விரற்கடை கீழே நின்றுவிடும். நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், பெயர் மட்டும் ‘நோயாளி’, ‘நலமானவர்’ என்று பிரிந்துவிடுகிறது. 79 என்பது நீர்மட்டத்தைப் பற்றிய கணக்கு. 33 என்பது வழிந்ததைப் பற்றியது. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும்.

79 உங்களைப் பற்றிய எண்ணே அல்ல. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு போகிறது என்பதுதான் அது. ‘அண்ணனின் நோயில் 79 பங்கு மரபணு, 21 பங்கு சூழல்’ என்று ஒரு மனிதனைக் கூறுபோட முடியாது. உயரத்தைப் பாருங்கள். அதிலும் மரபுப் பங்கு அப்படித்தான் அதிகம், ஆனாலும் நூறு ஆண்டுகளில் பல நாடுகளில் சராசரி உயரம் விரல்கணக்கில் ஏறியது. மரபணு மாறவில்லை, சாப்பாடு மாறியது.

பதிவு 6 – மல்லிகாம்மா

நேர்கோடு அவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மகளுக்கு 17 வருடமாக இந்த நோய். "யார் கண்டித்தார்கள் என்று யோசியுங்கள்" என்று நீங்கள் எழுதியதை என்னிடமே நேரில் சொன்னவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவர் வைத்தியரும்கூட. நான் அதை யோசிக்காத நாள் இல்லை. அவளுக்கு நாலு வயதில் ஒரு நாள் கை நீட்டிவிட்டேன். அதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். மற்ற இரண்டு பிள்ளைகளையும் அதே கைதான் வளர்த்தது.

பதிவு 7 – பழைய அலமாரி

மல்லிகாம்மா, உங்களைக் குத்திய அந்தப் பேச்சுக்கு ஒரு பிறந்த தேதி இருக்கிறது. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதினார். ஆதாரம் மெலிது, ஆயுள் நீளம். இருபது முப்பது வருடம் அந்தச் சொல்லைச் சுமக்காத தாய் இல்லை.

அதை உடைத்தது தத்துப்பிள்ளை ஆய்வுகள். 1966-ல் ஹெஸ்டன் அமெரிக்காவின் ஒரிகனில், நோயுள்ள தாய்மாரிடமிருந்து பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். 5 பேருக்கு மனச்சிதைவு. நோயில்லாத தாய்க்குப் பிறந்து அதே போல வேறிடத்தில் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்தத் தாய்கள் அந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை.

பதிவு 8 – நேர்கோடு

மல்லிகாம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் வாதத்தை முழுதாக விடவில்லை. இரட்டையர் ஆய்வே ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது: ஒத்த இரட்டையருக்கும் இரு கரு இரட்டையருக்கும் சூழல் சம அளவில் பொதுவானது என்ற ஊகம். அது எப்படிச் சரியாகும்? ஒத்த இரட்டையருக்கு ஒரே சட்டை மாட்டுகிறார்கள், பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார்கள், ஒருவருக்கு அடி விழுந்தால் மற்றவருக்கும் விழும். நீங்கள் மரபணு என்று எண்ணுவதில் இந்த நெருக்கமும் கலந்திருக்கிறதே?

பதிவு 9 – கணக்குப்பிள்ளை

இது நல்ல கேள்வி. ஓரளவு கலந்திருக்கலாம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரட்டையர் சிலர் தாங்கள் ஒத்த இரட்டையர் என்று நம்பியே வளர்கிறார்கள், பரிசோதித்தால் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. மனச்சோர்வு, பதற்றம் போன்ற நோய்களில் இப்படிப் பார்த்தபோது, ஒற்றுமை பெரும்பாலும் உண்மையான மரபணு உறவைப் பின்தொடர்ந்தது, நம்பிக்கையை அல்ல. மனச்சிதைவில் தத்து ஆய்வுகள் கைகொடுக்கின்றன. 2003-ல் 12 இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துச் செய்த கணக்கில் மரபுப் பங்கு 81, இரட்டையர் பகிர்ந்துகொண்ட சூழலுக்கு 11 என்று வந்தது. அந்த 11-க்குள் வீடும் இருக்கலாம், கருப்பையும் இருக்கலாம்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு புள்ளி நானே தருகிறேன். ஃபின்லாந்தில் டியெனாரி குழு தத்துப்பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நோயுள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்கு, வளர்த்த குடும்பம் குழப்பமானதா நிதானமானதா என்பது பெரிய வித்தியாசம் செய்தது. மரபு ஆபத்து இல்லாத பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே மழைதான், எல்லா மண்ணும் ஒரே மாதிரி கரைவதில்லை.

பதிவு 10 – இரவுப்பணி

மனநல மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். இழையை இப்போதுதான் பார்த்தேன், பணி முடிந்த கையோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ‘ஒரே மரபணு’, ‘ஒரே சூழல்’ என்கிறீர்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை.

முதலில் மரபணு. கரு இரண்டாகப் பிரிந்த பிறகும் செல்கள் பெருகும்போது எழுத்துப்பிழைகள் விழுந்துகொண்டே இருக்கும். ஐஸ்லாந்தில் 2021-ல் வெளியான ஆய்வில், ஒத்த இரட்டையருக்கிடையே கருவளர்ச்சியின் ஆரம்பத்தில் விழுந்த மாற்றங்கள் சராசரியாக 5.2 இருந்தன. கோடிக்கணக்கான எழுத்துகளில் இது தூசு, பெரும்பாலும் எதையும் செய்யாது. ஆனால் ‘நூற்றுக்கு நூறு ஒன்று’ என்று பரீட்சைத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறையும். அப்புறம், மரபணுவின் மேல் ஒட்டும் மெத்தில் குறிகள். எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஒருவருக்கு மட்டும் நோய் உள்ள இரட்டையரிடம் இவற்றில் வித்தியாசம் கண்டிருக்கிறார்கள். ஆனால் பார்த்தது பெரும்பாலும் ரத்தத்தில், நோய் மூளையில். வித்தியாசம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, மருந்தின் விளைவா என்று பிரிப்பதும் கஷ்டம்.

அடுத்து கருப்பை. ஒத்த இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒரே நச்சுக்கொடியைப் பகிர்கிறார்கள், மீதிப் பேருக்குத் தனித்தனி. ஒரே கொடி என்றால் ரத்தமும் பங்கு, சமயத்தில் பங்கு சமமாக இருக்காது. ஒரே கொடியைப் பகிர்ந்த இரட்டையரிடம் நோய் ஒத்துப்போவது மிக அதிகம் என்று 1995-ல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஆனால் அவர்கள் கொடியைப் பார்க்கவில்லை. யார் இடக்கை, யார் வலக்கை என்பது போன்ற அடையாளங்களை வைத்து ஊகித்தார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது 1990-ல் வந்த சடத் குழுவின் எம்.ஆர்.ஐ. ஆய்வு. 15 ஒத்த இரட்டையர் ஜோடிகள், ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மட்டும் நோய். யார் நோயாளி என்று சொல்லாமல் படங்களைக் காட்டினார்கள். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளின் அளவைக் கண்ணால் பார்த்தே 12 ஜோடிகளில் நோயுள்ளவரைச் சரியாகச் சுட்டிவிட்டார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பெரும்பாலும் நோயுள்ளவரிடம் சிறியதாக இருந்தது. ஆனால் கவனியுங்கள், நோயுள்ளவருடைய படத்தைத் தனியாகப் பார்த்தால் பல சமயம் ‘இயல்பு’ என்றே எழுதியிருப்பார்கள். இரட்டையோடு ஒப்பிட்டதால்தான் தெரிந்தது. தானே தனக்கு அளவுகோல் என்றால் இதுதான்.

பதிவு 11 – இரண்டாமவன்

கருப்பை, ரத்தப் பங்கு என்றெல்லாம் படிக்கும்போது கண்ணாடிப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. அவனுக்குக் கருப்பையிலேயே குறைவாகக் கிடைத்திருக்கிறது. அம்மாவும் எப்போதும் அதைத்தான் சொல்கிறாள்: "அந்த 9 நாள்தான்டா எல்லாத்துக்கும் காரணம். பெட்டிக்குள்ளே அவன் அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கு." அப்படியானால் விடை கிடைத்துவிட்டதா?

பதிவு 12 – இரவுப்பணி

அவசரப்படாதீர்கள். பிரசவச் சிக்கலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் மெல்லிய தொடர்பு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து பொதுவாக இரண்டு மடங்குக்கும் கீழேதான். எடை குறைந்து, பெட்டியில் கிடந்து, முழு நலத்தோடு வளர்ந்தவர்களே மிக மிகப் பெரும்பான்மை.

இன்னொன்று. இந்தத் துறையின் பழைய ஆய்வுகளில், பிரசவம் எப்படி இருந்தது என்று தாயிடமே கேட்டார்கள். நோயுள்ள பிள்ளையின் தாய் இருபது வருடமாகக் காரணம் தேடியவள். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும், கொஞ்சம் கூடுதலாகவே. அதனால்தான் இப்போது மருத்துவமனைப் பதிவேட்டைத்தான் நம்புகிறார்கள். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை.

கருவில் நடப்பது கணக்கில் வரும் என்பதற்கு வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். அந்தப் பசியின் உச்சத்தில் கருவானவர்களுக்கு இந்த நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சீனாவில் 1959-61 பஞ்சத்திலும் அப்படியே. வூஹு பகுதியில் 1959-ல் பிறந்தவர்களிடம் 0.84 சதவீதமாக இருந்தது, 1960-ல் பிறந்தவர்களிடம் 2.15 ஆனது. சரி, பஞ்சம் ஊருக்கே பொது, இரட்டையரைப் பிரிக்காது. ஆனால் குடத்துக்குள் அது ஊற்றுகிறது என்பது தெரிகிறது.

பதிவு 13 – பழைய அலமாரி

எண்களைப் பேசும்போது இந்த எண்களை வைத்து என்ன செய்தார்கள் என்பதையும் ஒரு பதிவாவது பேச வேண்டும்.

மனச்சிதைவில் முறையான இரட்டையர் ஆய்வை முதலில் செய்தவர் ஜெர்மனியில் லக்சன்பர்கர், 1928. அவர் வேலை செய்த மனநல ஆய்வு நிறுவனத்தின் ரூடின், 1933-ல் வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்குத் துணை நின்றார். சட்டத்தின் பட்டியலில் மனச்சிதைவு உண்டு. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் கருத்தடை செய்தார்கள், பிறகு நோயாளிகளைக் கொல்லவும் செய்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். நோயாளிகள் ஒரு தலைமுறையே அழிக்கப்பட்டும் போருக்குப் பிறகு ஜெர்மனியில் இந்த நோய் மறையவில்லை.

ரூடினின் மாணவர் கால்மன். யூதப் பின்னணி இருந்ததால் அவரே 1936-ல் நியூயார்க் போக வேண்டியதாயிற்று. 1946-ல் 691 இரட்டையரை வைத்து, ஒத்த இரட்டையரில் ஒத்துப்போவது வயது திருத்தத்தோடு ஏறத்தாழ 86 சதவீதம் என்றார். எதிர்முனையில் டியெனாரி 1963-ல் ஃபின்லாந்தில் 16 ஒத்த இரட்டையர் ஜோடிகளைப் பார்த்து, ஒரு ஜோடிகூட ஒத்துப்போகவில்லை, 0 சதவீதம் என்றார். (பின்னால் தொடர்ந்து பார்த்தபோது ஏறியது.) 86-க்கும் 0-க்கும் நடுவில் ஒரு நோய்! யாரை எங்கே தேடினாய், யாரை நோயாளி என்றாய் என்பதில் எண் எப்படி ஆடுகிறது பாருங்கள்.

ஜெனைன் நால்வரும் நினைவுக்கு வருகிறார்கள். 1930-ல் அமெரிக்காவில் பிறந்த நான்கு ஒத்த சகோதரிகள், நால்வருக்கும் மனச்சிதைவு. ‘ஜெனைன்’ ஆய்வாளர்கள் வைத்த புனைபெயர், கிரேக்கத்தில் ‘கொடிய பிறப்பு’ என்பது போலப் பொருள் வரும். அந்தப் பெண்களுக்கு இப்படியா பெயர் வைப்பது என்று எனக்கு இன்றும் கோபம். மரபணுவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தோன்றும். ஆனால் வீட்டில் தந்தையின் கொடுமையும் இருந்தது. நால்வரின் நோயும் ஒரே அளவில் இல்லை, ஒருத்தி வேலைக்குப் போய், திருமணம் செய்து, பிள்ளை பெற்றாள். இன்னொருத்தி வாழ்நாள் முழுக்க மீளவில்லை. கொடுமை நான்கு பேருக்கும் ஒன்றுபோல விழுந்ததா என்றால் அதுவும் இல்லை.

பதிவு 14 – நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. மருந்துப் பெயர், அளவு பற்றிக் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதை அவரவர் மருத்துவரிடம் கேளுங்கள்.

பதிவு 15 – இரண்டாமவன்

பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். எனக்கு நோய் வராவிட்டால் என் பிள்ளைகள் தப்பித்தார்களா?

பதிவு 16 – கணக்குப்பிள்ளை

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

1989-ல் காட்டெஸ்மனும் பெர்டெல்சனும் டென்மார்க்கில், ஒருவருக்கு மட்டும் நோய் உள்ள ஒத்த இரட்டையரின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். நோயுள்ளவரின் பிள்ளைகளுக்கு ஆபத்து 16.8 சதவீதம். நலமானவரின் பிள்ளைகளுக்கு 17.4. வித்தியாசமே இல்லை. அதாவது விதை இருவரிடமும் இருக்கிறது, ஒருவரிடம் முளைக்கவில்லை. அதே ஆண்டு நார்வேயில் கிரிங்லன் செய்த ஆய்வில் 17.9-க்கு எதிரே 4.4 வந்தது. அதுவும் சிறிய ஆய்வுதான், வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவிலேயே நிற்கிறது.

எனவே உங்கள் பிள்ளைகளின் ஆபத்தை உங்கள் நலத்தை வைத்து மட்டும் கணிக்காதீர்கள், அண்ணனின் பிள்ளைகளுக்கு உள்ளதுபோலவே வைத்துக்கொள்ளுங்கள். 17 என்றே கொண்டாலும் நூற்றில் 83 பிள்ளைகளுக்கு வரவில்லை என்பதும் அதே எண்தான்.

பதிவு 17 – இரவுப்பணி

ஒரு சேர்க்கை. ரத்தப் பரிசோதனை செய்து ‘உனக்கு வரும், உனக்கு வராது’ என்று சொல்ல முடியாது. 2022-ல் 76,755 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் மரபணுத்தொகுதியில் 287 இடங்கள் சிக்கின. ஒவ்வொன்றும் கொசுறு அளவுதான் சாய்க்கும். விதிவிலக்காக 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டவர்கள் உண்டு, அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம். அண்ணனுக்கு அப்படி ஏதாவது சந்தேகம் இருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்க்கலாம். அது உங்கள் இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடும்.

பதிவு 18 – கண்ணாடிக்காரி

நான் 51 வயதுக்காரி. எனக்கும் ஒத்த இரட்டை உண்டு. அவளுக்கு 19-ல் வந்தது, எனக்கு வரவில்லை. இந்த எண்கள் எதையும் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு வந்த பிறகு ஏழெட்டு வருடம் தினமும் காலையில் என்னைச் சோதித்தேன். எழுந்ததும் அசையாமல் படுத்து, ஏதாவது குரல் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ என்று தோன்றும், தோன்றியதுமே ‘ஆரம்பித்துவிட்டது’ என்று வயிறு கலங்கும். எல்லோருக்கும் தோன்றுவதுதான் அது. எனக்கு மட்டும் அது நோயின் முதல் நாளாகத் தெரிந்தது.

வீட்டில் என்னைப் பார்த்த பார்வை வேறு. அப்பா என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று தெரிந்துகொண்டார். வேலை கிடைத்ததை, பிள்ளை பிறந்ததை வீட்டில் மெதுவான குரலில்தான் சொன்னேன். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதுபோல இருக்கும்.

அவள் ஒருநாள் சொன்னாள்: "நீ என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் என்னைப் பார்க்கலை. உன்னைத்தான் பார்க்கிறே." அதற்குப் பிறகுதான் காலைச் சோதனையை விட்டேன்.

பதிவு 19 – மல்லிகாம்மா

கண்ணாடிக்காரி, உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பதிவு 20 – இரவுப்பணி

இரண்டாமவன், கைக்கு எட்டியதை மட்டும் சொல்கிறேன். ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் 20-களின் நடுப்பகுதிக்குள் தலைகாட்டிவிடும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளி. பிந்தியும் வரலாம், ஆனால் நோயில்லாமல் கழியும் ஒவ்வொரு வருடமும் மிச்சம் இருக்கும் ஆபத்தைக் குறைக்கிறது. 33 என்பது ஆயுள் கணக்கு. அண்ணனுக்கு வந்து நாலு வருடம் கடந்து 26-ல் நிற்கும் உங்களுக்கு அதைவிடக் குறைவு.

கஞ்சா வேண்டாம், விளையாட்டுக்கும் வேண்டாம். ஸ்வீடனில் 45,570 ராணுவப் பயிற்சியாளர்களைத் தொடர்ந்து பார்த்து 1987-ல் சொன்னார்கள்: 50 தடவைக்கு மேல் புகைத்தவர்களுக்கு ஆபத்து 6 மடங்கு. சாய்வு உள்ளவர்கள் கஞ்சாவைத் தேடிப் போவதும் அதில் ஓரளவு கலந்திருக்கிறது, இருந்தாலும் உங்கள் குடத்தில் அதை ஊற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

தொடர்ந்து பல நாள் தூக்கம் கெட்டு, கூடவே காரணமில்லாத சந்தேகமும் ஒதுங்கலும் வந்தால் உடனே ஒரு மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தவர்களுக்குப் பலன் நன்றாக இருக்கிறது. தினமும் உங்களை நீங்களே வேவு பார்க்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் ‘என்னில் மாற்றம் தெரிந்தால் சொல்’ என்று ஒப்படைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

பதிவு 21 – இரண்டாமவன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், 17 சதவீதம் உட்பட. யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறாள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

சொல்ல வந்தது வேறு. இரவுப்பணி பதிவேட்டைப் பற்றி எழுதியதிலிருந்து மனசு குறுகுறுத்தது. பரணில் இருந்த பெட்டியைக் கிளறி எங்கள் பிறப்பு அட்டைகளை எடுத்தேன். மை மங்கியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. ‘முதல் குழந்தை: 2.3 கிலோ, தாயிடம் கொடுக்கப்பட்டது. இரண்டாவது குழந்தை: 1.7 கிலோ, இன்குபேட்டர், 9 நாள்.’

இரண்டாவது குழந்தை நான்.

பதிவு 22 – கணக்குப்பிள்ளை

அடேங்கப்பா. அம்மா என்ன சொன்னார்?

பதிவு 23 – இரண்டாமவன்

முதலில் அண்ணனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்போ நாலு வருஷமா என்னை அந்தப் பெட்டிக்குள்ளே போட்டு வெச்சிருந்தது யாருடா?" என்று கேட்டான். பிறகு சிரித்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே முகம், நர்ஸ்தான் அட்டையை மாற்றி எழுதியிருப்பாள் என்கிறாள்.

பதிவு 24 – கணக்குப்பிள்ளை

அதையும் இல்லையென்று நிரூபிக்க முடியாது. உங்கள் விஷயத்தில் மரபணுப் பரிசோதனைகூட உதவாது.